‘சஜஸ்ட் மீ’ என்று எழுதும் முன்: ஆங்கிலம் பழகுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் ஆறரைக்கு ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நர்சிங் படிக்கும் பிள்ளைகள். மீதிப் பேர் பாண்டிச்சேரியில் ஓட்டல், கெஸ்ட் ஹவுஸ், கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் அல்லது போக நினைக்கிறவர்கள். இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் தூரம். ஆனால் அங்கே போய் கவுன்டரில் நின்றுவிட்டால் நாள் முழுக்க ஆங்கிலத்தில் வாய் திறக்க வேண்டும்.

கடினமான வார்த்தைகளில் இவர்கள் அதிகம் தடுமாறுவதில்லை. தெரியாது என்பதால் அகராதி பார்க்கிறார்கள், கேட்கிறார்கள். தமிழோடு தமிழாகக் கலந்துவிட்ட ‘சஜஸ்ட்’டில்தான் வழுக்குகிறார்கள். “டாக்டர் ஸ்கேன் சஜஸ்ட் பண்ணியிருக்காரு”, “நல்ல மெஸ் இருந்தா சஜஸ்ட் பண்ணுங்கக்கா” என்று தினமும் பேசுகிற வார்த்தை. அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் “ப்ளீஸ் சஜஸ்ட் மீ எ குட் மெஸ்” என்று வருகிறது. கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் தேர்வில் மதிப்பெண் போகும், இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் கவனிப்பார். ஒருமுறை காரணத்தோடு புரிந்துகொண்டால் வாழ்நாளுக்கும் இந்தத் தவறு வராது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள்.

முதல் படி: சொல்லிப் பழகுங்கள்

அழுத்தம் இரண்டாவது அசையில் விழ வேண்டும். ‘ச’ லேசாக வந்து போகட்டும், ‘ஜெஸ்ட்’ ஓங்கி ஒலிக்கட்டும். எழுதும்போது நடுவில் ‘ஜி’ இரண்டு முறை வரும். அமெரிக்கர்கள் பலர் அந்த இரண்டையும் தனித்தனியாக ஒலித்து ‘சக்ஜெஸ்ட்’ என்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் ‘சஜெஸ்ட்’ என்பார்கள். இரண்டும் சரி. பெயர்ச்சொல்லை நாம் ‘சஜஷன்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதில் ஒரு ‘ஸ்ச்’ ஒலி இருக்கிறது: ‘சஜெஸ்ச்சன்’. ‘கொஸ்டின்’ என்ற சொல்லை ‘க்வெஸ்ச்சன்’ என்று திருத்திக்கொண்டீர்கள் அல்லவா, அதே ஒலிதான்.

இரண்டாம் படி: இந்தச் சொல்லுக்குள் நடக்கிற வேலையைப் பாருங்கள்

‘சஜஸ்ட்’ லத்தீன் மொழியிலிருந்து வந்தது. ‘சுப்’ என்றால் கீழே, ‘கெரேரே’ என்றால் சுமந்து வருவது. கீழிருந்து எடுத்து வந்து எதிரில் வைப்பது என்பதுதான் அடிப்படைப் பொருள். வீட்டுக்கு வந்தவருக்குத் தட்டில் காபி கொண்டுவந்து முன்னால் வைக்கிறோம். எடுத்துக் குடிப்பதும் வேண்டாம் என்பதும் அவர் விருப்பம். ‘சஜஸ்ட்’ செய்கிற வேலை இதுதான். தட்டில் இருப்பது யோசனை. அதை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறோம்.

இந்தப் படத்தை மனதில் பதித்துக்கொண்டால் இலக்கணம் தானே விளங்கும். ‘சஜஸ்ட்’டை அடுத்து வருவது தட்டில் இருக்கும் பொருள். ஆள் அந்த இடத்தில் வரக் கூடாது. “சஜஸ்ட் மீ” என்று நிறுத்தினால் ‘என்னை முன்வை’ என்கிற மாதிரி ஆகிவிடுகிறது. ஆளைச் சொல்லியே தீர வேண்டும் என்றால் முன்னால் ‘டு’ சேர்க்க வேண்டும்: “ஹீ சஜஸ்டட் எ மெஸ் டு மீ.” ஆனால் பெரும்பாலும் ஆளே தேவைப்படாது. “கேன் யூ சஜஸ்ட் எ குட் மெஸ்?” என்று கேட்டால் போதும். கேட்பது நீங்கள்தான் என்பது எதிரில் நிற்பவருக்குத் தெரியும்.

நம்முடைய தவறு எங்கிருந்து வருகிறது? தமிழிலிருந்துதான். “எனக்கு ஒரு மெஸ் சொல்லுங்க” என்பதில் ‘எனக்கு’ முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘கிவ் மீ’, ‘டெல் மீ’, ‘ஷோ மீ’ எல்லாம் சரியாக இருப்பதால் ‘சஜஸ்ட் மீ’யும் சரி என்று மனம் நம்புகிறது. ‘எக்ஸ்ப்ளெய்ன்’ சொல்லுக்கும் இதே கதிதான்: “எக்ஸ்ப்ளெய்ன் மீ” தவறு, “எக்ஸ்ப்ளெய்ன் டு மீ” சரி. இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. இதே லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சிலும் ஒரு வினைச்சொல் இருக்கிறது. அங்கே ஆளின் பெயருக்கு முன்னால் ‘ஆ’ என்ற சின்னச் சொல் வந்தே ஆக வேண்டும். வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்ட பிள்ளைகளுக்கு, அந்த ‘ஆ’ இருந்த இடத்தில் ‘டு’ போடு என்றால் உடனே பிடிபடுகிறது.

மூன்றாம் படி: நான்கு வாக்கியங்களை வாயில் ஏற்றுங்கள்

யோசனை என்ற அந்தப் பொருளை நான்கு விதமாக வைக்கலாம்.

ஒன்று, வெறும் பெயர்ச்சொல். “ஐ சஜஸ்ட் த ஃபிஷ் கறி.” ஓட்டலில் வேலை செய்கிறவருக்கு இது ஒன்றே பாதி நாளை ஓட்டிவிடும்.

இரண்டு, வினைச்சொல்லோடு ‘இங்’. “ஐ சஜஸ்ட் டேக்கிங் த ஏர்லி பஸ்.” இந்த இடத்தில் ‘டு’ வராது. “ஐ சஜஸ்ட் டு டேக்” என்பது நாம் செய்யும் இரண்டாவது பெரிய தவறு.

மூன்று, ‘தட்’ போட்டு முழு வாக்கியம். “ஐ சஜஸ்ட் தட் யூ டேக் த ஏர்லி பஸ்.” பேச்சில் ‘தட்’டை விட்டுவிடலாம்: “ஐ சஜஸ்ட் யூ டேக் த ஏர்லி பஸ்.”

நான்கு, கேள்விச் சொல். “கேன் யூ சஜஸ்ட் வேர் டு ஸ்டே?” ‘எங்கே’, ‘எப்படி’, ‘என்ன’ என்று கேட்கும்போது மட்டும் ‘டு’ உள்ளே வரும். அது ‘வேர்’ கூட்டிக்கொண்டு வந்த ‘டு’, ‘சஜஸ்ட்’டுடையது இல்லை.

மூன்றாவதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் ஒரு கை உயரும். “மிஸ், ‘சஜஸ்ட்’டுக்குப் பக்கத்துல ஆள் வரக் கூடாதுன்னீங்க, இதுல ‘யூ’ வருதே?” நல்ல கேள்வி. அங்கே ‘யூ’ தனியாக நிற்கவில்லை. ‘யூ டேக் த ஏர்லி பஸ்’ என்பது முழுவதும் சேர்ந்துதான் ஒரு யோசனை. கண்ணுக்குத் தெரியாத ‘தட்’ நடுவில் நிற்கிறது. “ஐ சஜஸ்ட் யூ டு டேக்” என்று ‘டு’ போட்ட உடனே அந்தக் கட்டு அவிழ்ந்து, ‘யூ’ தனி ஆளாகிவிடுகிறது. “அவரைப் போகச் சொன்னாங்க” என்ற தமிழ் வாக்கியத்தின் ‘போக’தான் இந்த ‘டு’வைத் தூண்டிவிடுகிறது. ‘டோல்ட் ஹிம் டு கோ’ சரி, ‘ஆஸ்க்ட் ஹிம் டு கோ’ சரி, ‘அட்வைஸ்ட் ஹிம் டு கோ’வும் சரி. ‘சஜஸ்டட் ஹிம் டு கோ’ மட்டும் கிடையாது.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பொருளில் சின்ன வித்தியாசம் உண்டு. “ஹீ சஜஸ்டட் கோயிங் டு பிச்சாவரம்” என்றால் யார் போவது என்று சொல்லவில்லை. அவரும் சேர்ந்து வரலாம், நீங்கள் மட்டும் போகலாம். “ஹீ சஜஸ்டட் தட் ஐ கோ டு பிச்சாவரம்” என்றால் போகிறவர் நான்தான், சந்தேகமில்லை. ஆள் முக்கியமான இடத்தில் ‘தட்’ போடுங்கள்.

‘தட்’டுக்குப் பின்னால் வரும் வினைச்சொல்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். யோசனை சொல்லும்போது ‘தட்’டுக்குப் பிறகு வினைச்சொல் வெறும் வேராக நிற்கும். ‘ஹீ’, ‘ஷீ’ வந்தாலும் ‘எஸ்’ ஒட்டாது. இறந்தகாலமாக இருந்தாலும் மாறாது. “த டாக்டர் சஜஸ்டட் தட் ஷீ டேக் ரெஸ்ட்.” ‘டேக்ஸ்’ இல்லை, ‘டுக்’ இல்லை. காரணம் எளிது. அவர் ஓய்வு எடுத்தார் என்று நாம் செய்தி சொல்லவில்லை. அது இன்னும் நடக்காத காரியம், தட்டில் இருக்கும் காபி. நடக்காததற்குக் காலம் ஏது? பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நடுவில் ‘ஷுட்’ சேர்த்து “தட் ஷீ ஷுட் டேக் ரெஸ்ட்” என்றும் சொல்வார்கள். எதிர்மறை வேண்டுமானால் ‘நாட்’ மட்டும் முன்னால் போடுங்கள்: “ஐ சஜஸ்ட் தட் ஹீ நாட் டிரைவ் டுடே.” காதுக்கு விநோதமாக இருக்கும், ஆனால் சரி.

நான்காம் படி: ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் இருக்கும் ‘சஜஸ்ட்’

நர்சிங் பிள்ளைகளும், நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். வகுப்பில் நான் அதிக நேரம் செலவழிப்பதும் இங்கேதான்.

கடலூர்ப் பக்கத்திலிருந்து ஜிப்மருக்கும் மற்ற பாண்டி ஆஸ்பத்திரிகளுக்கும் போய்வருகிறவர்கள் பலர். ஸ்கேன், எக்ஸ்ரே ரிப்போர்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் காட்டுகிறார்கள். என்னிடமும் வருகிறார்கள். அதில் அடிக்கடி வரும் தொடர் ‘சஜஸ்டிவ் ஆஃப்’. “ஃபைண்டிங்ஸ் சஜஸ்டிவ் ஆஃப் நிமோனியா” என்று இருந்தால், படத்தில் தெரியும் அடையாளங்கள் நிமோனியாவாக இருக்கலாம் என்று காட்டுகின்றன, அவ்வளவுதான். முடிவு சொல்லியாகிவிட்டது என்று பொருள் இல்லை. ஓர் அம்மா இந்தச் சொல்லை ‘உறுதி’ என்று எடுத்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்கும் முன்பே இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதிருந்தார். அவர் கையில் இருந்த தாளில் சந்தேகத்துக்கு மேல் எதுவும் இல்லை. அன்றிலிருந்துதான் இந்த ஒரு சொல்லை எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

இங்கே யோசனை சொல்லும் மனிதர் யாரும் கிடையாது. ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை, மேகம், கால்தடம் மாதிரி ஏதோ ஓர் அடையாளம்தான் எழுவாய். தமிழில் ‘காட்டுகிறது’, ‘தோன்றச் செய்கிறது’, ‘என்று படுகிறது’ என்று சொல்லலாம். ‘ப்ரூவ்’ என்றால் நிரூபிப்பது. ‘ஷோ’ என்றால் தெளிவாகக் காட்டுவது. ‘சஜஸ்ட்’ இவற்றைவிடக் கீழே நிற்கிறது. டைஃபாய்டுக்கு விடால் டெஸ்ட் எடுத்தால் அது ‘சஜஸ்ட்’ செய்யும் அளவுக்குத்தான் போகும், உறுதிப்படுத்துவதற்கு ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வேண்டும். விஞ்ஞானிகள் இந்தச் சொல்லை விரும்பிப் பயன்படுத்துவதும் அதனால்தான். தங்களுக்குத் தெரிந்ததைவிட ஒரு படி அதிகமாகச் சொல்லிவிடக் கூடாது என்ற கவனம் அதில் இருக்கிறது.

இந்தப் பொருளில் வரும்போது இலக்கணம் மாறிவிடும். ‘தட்’டுக்குப் பின்னால் வினைச்சொல் வேராக நிற்காது, வழக்கம்போல் ‘எஸ்’ஸும் காலமும் ஏற்கும். “த ரிப்போர்ட் சஜஸ்ட்ஸ் தட் ஷீ ஹேஸ் ஆன் இன்ஃபெக்‌ஷன்.” இங்கே ‘ஹேவ்’ போட்டால் தவறு. முன்பு சொன்ன டாக்டர் வாக்கியத்தையும் இதையும் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். டாக்டர் சொன்னது இனி நடக்க வேண்டிய காரியம், ரிப்போர்ட் சொல்வது இப்போது இருக்கும் நிலை. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் ‘சஜஸ்ட்’டின் முக்கால் பங்கு கைக்கு வந்துவிட்டது.

சில ரிப்போர்ட்டுகளின் கடைசியில் “சஜஸ்டட் க்ளினிக்கல் கோரிலேஷன்” என்றும் இருக்கும். நோயாளியை நேரில் பார்த்து, அறிகுறிகளோடு ஒப்பிட்டு முடிவு செய்யவும் என்று ஸ்கேன் பார்த்தவர் உங்கள் டாக்டருக்கு வைக்கும் யோசனை அது. ஒரே தாளில் மேலே ஒரு பொருள், கீழே இன்னொரு பொருள்.

கடற்கரைக்காரர்களுக்கு இந்த இரண்டாவது பொருள் புதிதில்லை. தேவனாம்பட்டினத்தில் வலை பின்னிக்கொண்டே வானத்தையும் காற்றையும் பார்த்து ‘இன்னிக்கு இறங்க வேணாம்’ என்று சொல்கிறவர் படிப்பது ‘சஜஸ்ட்’டைத்தான். “த விண்ட் சஜஸ்ட்ஸ் தட் எ ஸ்டார்ம் இஸ் கமிங்.” 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரை ஏறியதைப் பார்த்தவர்கள் நாம். அப்படிப்பட்ட அறிவிப்புகளில் ‘சஜஸ்ட்’ என்று வருகிறதா, ‘கன்ஃபர்ம்’ என்று வருகிறதா என்று பிரித்துப் படிக்கத் தெரிந்திருப்பது உயிருக்கே உதவும்.

ஐந்தாம் படி: குறிப்பாக உணர்த்துவது

நேரடியாகச் சொல்லாமல் ஒன்றை மனதில் விழச் செய்வதும் ‘சஜஸ்ட்’தான். “ஆர் யூ சஜஸ்டிங் தட் ஐ டுக் த மனி?” என்று ஒருவர் கேட்டால் அவர் யோசனை கேட்கவில்லை. ‘நான்தான் பணத்தை எடுத்தேன்னு சொல்ல வர்றியா?’ என்று கோபப்படுகிறார். அப்போது “யெஸ் சார், ஐ ஆம் சஜஸ்டிங்” என்று பணிவோடு பதில் சொல்லிவிடாதீர்கள். “நோ சார், ஐ டிட்நாட் மீன் தட்” என்று சொல்லுங்கள்.

நம் மொழிக்கு இது மிகவும் பழகிய விஷயம். திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பு 71-ஆவது அதிகாரமாக ஒருமுறை, 110-ஆவது அதிகாரமாக இன்னொருமுறை வருகிறது. அரசவையில் ஒன்று, காதலில் ஒன்று. வாய் சொல்லாததை முகம் சொல்வதைப் படிக்கும் கலை அது. ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால் “ஹர் ஃபேஸ் சஜஸ்டட் தட் ஷீ வாஸ் அன்ஹேப்பி” என்று எழுதுங்கள்.

கோர்ட்டில் இந்தப் பொருளுக்கு ஒரு தனி வாழ்க்கையே இருக்கிறது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்றைச் சாட்சியின் முன்வைத்து, சாட்சி மறுத்தால், “நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல” என்று பதிவாகும். தமிழில் படித்தால் பாதியில் தொங்குவதுபோலத் தோன்றும் இந்த வாக்கியம் ஆங்கில வழக்கத்தின் வார்ப்பு. அங்கே “இட் இஸ் நாட் கரெக்ட் டு சஜஸ்ட் தட்” என்று தொடங்கும். வக்கீல் வைப்பதற்கு ‘சஜஸ்ச்சன்’ என்றே பெயர். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பதை ‘லீடிங் க்வெஸ்ச்சன்’ என்பார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 141-ஆவது பிரிவில் இதை விளக்கும்போது ‘சஜஸ்டிங்’ என்ற சொல்லைத்தான் பயன்படுத்தியது: கேட்பவர் விரும்பும் அல்லது எதிர்பார்க்கும் பதிலை உணர்த்தும் கேள்வி. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய சட்டம் வந்துவிட்டது, ஆனால் கோர்ட்டில் அந்தச் சொல் அப்படியேதான் புழங்குகிறது.

ஓர் எச்சரிக்கை. ரிப்போர்ட்டில் வந்த ‘சஜஸ்டிவ்’ வேறு, ‘ஆஃப்’ இல்லாமல் தனியாக மனிதரின் பேச்சுக்கோ பார்வைக்கோ வரும் ‘சஜஸ்டிவ்’ வேறு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஆபாசமான உட்பொருள் உண்டு. மேலதிகாரியின் நல்ல யோசனையைப் பாராட்டுவதாக நினைத்து “வெரி சஜஸ்டிவ்” என்று எழுதிவிடாதீர்கள். “வெரி ஹெல்ப்ஃபுல்” என்று எழுதுங்கள்.

ஆறாம் படி: யாரிடம் எப்படி வைப்பது

பாண்டியில் நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் மேனேஜருக்கு ஒரு குறிப்பு எழுதினேன்: “ஐ சஜஸ்ட் யூ செக் த பில்ஸ் அகெய்ன்.” இலக்கணத்தில் ஒரு பிழையும் கிடையாது. அவர் கூப்பிட்டு, “எனக்கே ஆர்டர் போடறியாம்மா?” என்றார். எனக்கு அழுகையே வந்தது. வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. ‘ஐ சஜஸ்ட் யூ’ என்று நேராக ஆரம்பித்தால் ஆங்கிலக் காதுக்கு அது கொஞ்சம் கறாராக ஒலிக்கும். “ஐ சஜஸ்ட் யூ லீவ் நவ்” என்பது மரியாதையாகச் சொல்லப்பட்ட மிரட்டல். டாக்டர் நோயாளியிடம் சொல்லலாம், வழி தெரிந்தவர் தெரியாதவரிடம் சொல்லலாம். மேலே இருப்பவரிடம் சொல்லும்போது மெத்தென்று ஆக்க வேண்டும்.

“மே ஐ சஜஸ்ட் செக்கிங் த பில்ஸ் அகெய்ன்?” என்று கேள்வியாக மாற்றலாம். “மே ஐ மேக் எ சஜஸ்ச்சன்?” என்று முதலில் அனுமதி கேட்டுவிட்டுச் சொல்லலாம். “ஐ உட் சஜஸ்ட்” என்று நடுவில் ஒரு ‘உட்’ போடலாம். அந்த ஒரு சொல் வாக்கியத்தின் கூர்மையை மழுக்கிவிடும். கம்பெனிக் கடிதங்களில் கடைசி வரியாக “கைண்ட்லி சஜஸ்ட்” என்று போடுவது நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. இங்கே புரியும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வாக்கியம் அறுந்து நிற்பதுபோல இருக்கும். “ப்ளீஸ் லெட் மீ நோ வாட் யூ சஜஸ்ட்” என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

சமவயதுக்காரர்களிடமும் நண்பர்களிடமும் ‘சஜஸ்ட்’ என்ற சொல்லே வேண்டாம். தமிழிலும் நாம் அப்படித்தானே இருக்கிறோம்? பீச்சுக்குப் போக நினைத்தால் “ஒரு யோசனையை முன்வைக்கிறேன்” என்று யாரும் சொல்வதில்லை. வினைச்சொல்லின் வாலிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த வால்களுக்கு நேரான ஆங்கிலம் இப்படி இருக்கும்:

“போலாமா?” என்பதற்கு “ஷல் வீ கோ?”
“போலாமே!” என்பதற்கு “வை டோன்ட் வீ கோ?”
“போங்களேன்” என்பதற்கு “வை டோன்ட் யூ கோ?”
“போனா என்ன?” என்பதற்கு “ஹவ் அபௌட் கோயிங்?”
“போயிட்டு வந்தா நல்லாயிருக்கும்” என்பதற்கு “இட் மைட் பி எ குட் ஐடியா டு கோ.”

‘ங்களேன்’ என்ற அந்த விகுதியைக் கவனித்திருக்கிறீர்களா? “சாப்பிடுங்க” என்பது உபசாரம்தான், ஆனால் ஏவல். “சாப்பிடுங்களேன்” என்றதும் கதவு திறந்துவிடுகிறது, மறுக்கவும் இடம் கிடைக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் இதை எவ்வளவு அழகாகப் பயன்படுத்துகிறார்கள்! ஆங்கிலத்தில் பேசும்போது இந்த மென்மையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்றுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கெஸ்ட் ஹவுஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பயிற்சி. விருந்தினர் “வாட் டு யூ சஜஸ்ட்?” என்றோ “எனி சஜஸ்ச்சன்ஸ்?” என்றோ கேட்பார். ஒரே இடத்தின் பெயரைச் சொல்லி நிறுத்தாமல், காரணத்தோடு சொல்லுங்கள். “ஐ உட் சஜஸ்ட் வாக்கிங் ஆன் த பீச் ரோடு பிஃபோர் சன்ரைஸ். தேர் இஸ் நோ டிராஃபிக் தென்.” கிழக்குக் கடல், சூரியன் தண்ணீரிலிருந்து எழும், அந்த நேரத்தில் வண்டிகளுக்கும் அனுமதி கிடையாது. வரலாறு பிடித்தவர் என்று தெரிந்தால் “யூ மைட் லைக் அரிக்கமேடு” என்று சொல்லி, ரோமானியர்களோடு வணிகம் நடந்த இடம் என்று ஒரு வரி சேருங்கள். காரணம் சேர்ந்த யோசனையைத்தான் மனிதர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

‘அட்வைஸ்’ ஆளை ஏற்கும்: “த நர்ஸ் அட்வைஸ்ட் ஹிம் டு வாக் டெய்லி.” அதில் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லும் எடை இருக்கிறது. டிஸ்சார்ஜ் தாளில் ‘அட்வைஸ்’ என்று வருவது அதனால்தான். பெயர்ச்சொல்லாக வரும்போது அதை எண்ண முடியாது, “ஆன் அட்வைஸ்” என்று வராது. ‘சஜஸ்ச்சன்’ எண்ணத்தக்கது: “எ சஜஸ்ச்சன்”, “டூ சஜஸ்ச்சன்ஸ்”.

‘ரெகமண்ட்’ என்றால் நான் பார்த்திருக்கிறேன், நல்லது என்று பொறுப்பேற்பது. சாப்பிட்டுப் பார்க்காத கடையை ‘சஜஸ்ட்’ செய்யலாம், ‘ரெகமண்ட்’ செய்யக் கூடாது. ‘ப்ரொபோஸ்’ சங்கக் கூட்டத்தில் முன்மொழிவதற்கு. அதை இன்னொருவர் வழிமொழிவார். நம் பேச்சில் அந்தச் சொல் காதலைச் சொல்வதற்கு என்றே ஒதுங்கிவிட்டதால், ஆபீஸில் யாராவது “ஐ ப்ரொபோஸ் எ மீட்டிங்” என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம், அதுதான் அதன் பழைய வேலை.

உங்கள் போனில் “சஜஸ்டட் ஃபார் யூ” என்று வருவதும், டைப் செய்யும்போது மேலே மூன்று சொற்கள் எட்டிப் பார்ப்பதும் இதே ‘சஜஸ்ட்’தான். தட்டில் வைத்திருக்கிறார்கள், எடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்குக் கிடையாது.

கடைசியாக: உங்களிடம் ஒருவர் யோசனை வைத்தால்

பிடித்திருந்தால் “தட்ஸ் எ குட் ஐடியா” அல்லது “லெட்ஸ் டூ தட்”. வேண்டாம் என்றால் வெறும் “நோ” வெட்டுவதுபோல இருக்கும். “தேங்க்ஸ் ஃபார் த சஜஸ்ச்சன், பட் ஐ ஹேவ் டு பி ஹோம் பை செவன்” என்று நன்றி, பிறகு காரணம் என்ற வரிசையில் சொல்லுங்கள். நாம் “பாக்கலாம்” என்று சொல்லி நழுவுகிற இடத்தில் அவர்கள் “லெட் மீ திங்க் அபௌட் இட்” என்பார்கள். அப்படிச் சொன்னால் இரண்டு நாளில் பதிலும் சொல்லிவிடுங்கள், எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

இன்று ராத்திரி நோட்டை எடுத்து, பகலில் நீங்கள் யாருக்காவது சொன்ன ஐந்து ‘லாமே’, ‘ங்களேன்’களை நினைவுபடுத்தி எழுதுங்கள். “டீ குடிக்கலாமே”, “லீவு கேளுங்களேன்” எதுவானாலும் சரி. ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக ஆங்கிலத்தில் எழுதுங்கள்: நண்பருக்குச் சொல்வதாக ஒருமுறை, மேனேஜருக்குச் சொல்வதாக ஒருமுறை. ‘சஜஸ்ட்’டுக்கு அடுத்து ‘மீ’, ‘ஹிம்’, ‘டு’ மூன்றில் ஏதாவது ஒட்டிக்கொண்டு நின்றால், ‘டு மீ’, ‘டு ஹிம்’ என்று ஜோடியாக வந்ததை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருத்துங்கள்.